வாசித்தவர் ஒருவர், கேட்டவர் பலர்

1967 பிப்ரவரித் தேர்தலில் சென்னை மாநிலத்தில் காங்கிரஸ் ஆட்சி வீழ்ந்ததற்குச் சொல்லப்படும் காரணங்களில் மிகவும் பரவலானது சினிமா. அடுக்குமொழி வசனத்தில் மயங்கிய மக்கள், திரையில் கண்ட கதாநாயகனையே தலைவன் என்று நம்பி வாக்களித்துவிட்டார்கள் என்பதுதான் அந்த விளக்கத்தின் சாரம். தோற்ற கட்சிக்கு இது ஆறுதலாக இருந்தது. கொள்கையில் தோற்கவில்லை, கவர்ச்சியில் தோற்றோம் என்று சொல்லிக்கொள்ள முடிந்தது. வென்ற பக்கத்து ரசிகர்களுக்கும் இது பெருமையாகவே இருந்தது. இரண்டு தரப்புக்கும் வசதியாகிவிட்ட விளக்கத்தை யாரும் தட்டிப் பார்ப்பதில்லை. சினிமா எதையுமே செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. திரையில் ஒலித்த வசனம் அரசியலாகக் கேட்கப்பட்டதற்கு, அதை அப்படிக் கேட்கப் பழகிய ஒரு கூட்டம் முன்பே இருந்தாக வேண்டும். அந்தக் கூட்டத்தை உருவாக்கியவை ஒருவர் வாசிக்கப் பலர் கேட்கும் வழக்கம், பொதுக்கூட்ட மேடை, ஊர்ப் படிப்பகம் ஆகியவை. சினிமா அவற்றின் தோளில் ஏறித்தான் அரசியலுக்குள் வந்தது என்பது என் வாதம்.

ஊடகம் மக்களை எப்படி மாற்றுகிறது என்ற கேள்வியை முதன்முதலில் வீடு வீடாகப் போய் ஆராய்ந்தவர்கள் அமெரிக்கர்கள். முதல் உலகப் போரின் பிரசாரத்தைப் பார்த்து மிரண்ட தலைமுறை அது. ஹெரால்டு லாஸ்வெல் அந்தப் போரின் பிரசார உத்திகளைப் பற்றி 1927-இல் எழுதிய புத்தகத்துக்குப் பிறகு, வானொலியும் பத்திரிகையும் நினைத்ததை மக்கள் மனத்தில் ஏற்றிவிடும் என்ற அச்சம் படித்தவர்களிடையே பரவியிருந்தது. 1940-இல் ரூஸ்வெல்ட்டும் வில்கியும் மோதிய அதிபர் தேர்தலின்போது, பால் லாசர்ஸ்ஃபெல்டும் அவருடைய சகாக்களும் ஓஹையோ மாநிலத்தின் ஈரி கவுன்டியில் அறுநூறு பேரைத் தேர்ந்தெடுத்து, அதே ஆட்களை மே முதல் நவம்பர் வரை மாதந்தோறும் சந்தித்துக் கேள்வி கேட்டார்கள். பிரசாரத்தால் கட்சி மாறியவர்கள் மிகக் குறைவு என்பதைத்தான் அவர்கள் கண்டார்கள். பெரும்பாலோர் முன்பே சாய்ந்திருந்த பக்கத்துச் செய்தியையே தேடிப் படித்தார்கள். படித்ததும் அந்தச் சாய்வு இன்னும் உறுதிப்பட்டது. நேற்று அரசியல் விஷயமாக எதைக் கேட்டீர்கள், எதைப் படித்தீர்கள் என்று விசாரித்தபோது, வானொலியையும் பத்திரிகையையும்விட அக்கம்பக்கத்தாரோடு பேசியதைத்தான் அதிகம் பேர் சொன்னார்கள். செய்தி முதலில் ஊன்றிப் படிக்கும் சிலரிடம் வருகிறது, அவர்கள் வாய்வழியாக மற்றவர்களுக்குப் போகிறது என்ற முடிவுக்கு ஆய்வாளர்கள் வந்தார்கள். 1944-இல் வெளியான அந்த ஆய்வு இத்துறையின் போக்கையே மாற்றியது. அந்த நாட்டுப் பத்திரிகைகளில் பெரும்பாலானவை ரூஸ்வெல்ட்டுக்கு எதிராக எழுதியும் அவர் வென்றார் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஈரி கவுன்டியில் ஏழு மாதத்தில் கண்டதைத் தமிழ்நாட்டில் ஒரு நூற்றாண்டின் நீளத்தில் காணலாம். அதன் தொடக்கம் தமிழ்நாட்டில்கூட இல்லை. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனரிகளும் வெஸ்லியன் மிஷனரிகளும் பொதுமக்களைக் கூட்டிவைத்துத் தமிழில் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவரான பீட்டர் பெர்சிவலோடு இருந்து பைபிள் மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலர் அந்த முறையை நன்றாகக் கற்று, 1847 டிசம்பர் 31-ஆம் தேதி வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தம்முடைய சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். புராணம் படித்துப் பொருள் சொல்லும் மரபு நம்மிடம் நெடுங்காலமாக உண்டு. ஆனால் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, எதிர்த்தரப்பை மறுத்து, முன்னால் இருப்பவர்களைச் செயலுக்கு அழைக்கும் உரைநடைப் பேச்சு அன்று புதியது. மறைந்த மானிடவியலாளர் பெர்னார்ட் பேட், தமிழ் மேடைப்பேச்சின் வேரை இந்த இடத்தில்தான் தேடினார். அவர் சொன்னது சரி என்றே எனக்குப் படுகிறது.

பிரசங்கம் அரசியலானது சுதேசி இயக்கத்தில். 1907 மே மாதம் விபின் சந்திர பாலர் சென்னைக் கடற்கரையில் பேசியது ஆங்கிலத்தில். கேட்கத் திரண்டவர்களில் மாணவர்கள் அதிகம். அடுத்த ஆண்டு தூத்துக்குடியில் நடந்தது வேறு. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கோரல் மில் தொழிலாளர்கள் முன் தமிழில் பேசினார்கள். பிப்ரவரி 27-இல் மில்லில் வேலைநிறுத்தம் தொடங்கியது. மார்ச்சில் இருவரும் கைதானதும் திருநெல்வேலி கொந்தளித்தது. ராஜதுரோக வழக்கில் அவர்கள் மீது சுமத்தப்பட்ட குற்றம் மேடைப்பேச்சுத்தான். வ.உ.சி.க்கு நீதிபதி பின்ஹே விதித்த இரட்டை ஆயுள் தண்டனை பின்னர் மேல்முறையீட்டில் குறைக்கப்பட்டாலும், தமிழில் பேசப்படும் பேச்சைக் கண்டு அரசு எவ்வளவு அஞ்சியது என்பதற்கு அந்தத் தீர்ப்பைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானபோது பி.பி. வாடியா ஆங்கிலத்தில் பேச, அதைத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. அந்த மேடையிலிருந்து பெரிய பேச்சாளராக வளர்ந்தவர் திரு.வி.க. நல்ல தமிழில் பேசினால் ஆலைத்தொழிலாளிக்குப் புரியாது என்ற எண்ணம் அவரோடு பொய்த்துப்போனது.

அச்சும் வாயும் இணைந்த இடத்துக்கு இனி வருகிறேன். விஷயத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. 1925 மே மாதம் ஈரோட்டில் பெரியார் ‘குடி அரசு’ வார இதழைத் தொடங்கினார். ‘விடுதலை’ 1935-இல் வந்தது. 1942-இல் அண்ணாவின் ‘திராவிட நாடு’ வந்தது. அந்த ஆண்டுதான் கலைஞர் ‘முரசொலி’யைத் துண்டறிக்கையாகத் தொடங்கினார்; சி.பா. ஆதித்தனார் மதுரையில் ‘தினத்தந்தி’யைத் தொடங்கியதும் அந்த ஆண்டுதான். 1951-இல் இந்த மாநிலத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். 1961-இல் ஏறத்தாழ மூன்றில் ஒருவர். இந்த எண்ணிக்கையை மட்டும் பார்த்தால், கட்சி இதழ்கள் ஒரு சிறு வட்டத்தைத் தாண்டியிருக்கவே முடியாது. ஆனால் ஒரு பிரதி ஒருவரோடு நிற்கவில்லை. டீக்கடை பெஞ்சிலும் சலூனிலும் சைக்கிள் கடை வாசலிலும் படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்க வாசித்தார். சுற்றியிருந்தவர்கள் கேட்டார்கள், குறுக்கே கேள்வி கேட்டார்கள், சண்டையும் போட்டார்கள். எழுதியவர்களுக்கும் இது தெரியும். கட்சி இதழ்களின் கட்டுரைகள் பல, காதில் விழுவதற்காகவே எழுதப்பட்டவை போல, எதுகையும் மோனையும் கேள்வியும் பதிலுமாக நடக்கும். ‘தினத்தந்தி’ வேறு வழியில் போனது. பேசுகிற மாதிரியே எழுது, கூடியவரை சிறிய வாக்கியமாக எழுது என்பதை ஆதித்தனார் செய்தியாளர்களுக்கு விதியாகவே வைத்தார். எழுத்துக்கூட்டிப் படிப்பவர்கூட அதை உரக்க வாசித்துவிட முடிந்தது.

1949 செப்டம்பரில் திராவிட முன்னேற்றக் கழகம் பிறந்த பிறகு இந்தப் பழக்கத்துக்குக் கூரையும் முகவரியும் கிடைத்தன. படிப்பகம், மன்றம் என்ற பெயர்களில் தெருவுக்குத் தெரு ஓர் அறை, அல்லது வெறும் கீற்றுக்கொட்டகை. வாசலில் கொடிக்கம்பம், உள்ளே ஒரு பெஞ்சு, இரண்டு மூன்று இதழ்கள், சுவரில் தலைவர்களின் படம். அந்தப் படிப்பகத்தை நடத்திய இளைஞர்தான் பொதுக்கூட்டத்துக்குத் தட்டி எழுதினார், மைக் செட்டுக்குச் சொல்லிவைத்தார், பேச்சாளரை ரயிலடியில் எதிர்கொண்டு அழைத்து வந்தார், தேர்தல் நாளில் வாக்காளர் பட்டியலோடு உட்கார்ந்தார். லாசர்ஸ்ஃபெல்ட் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்த அந்த ஊன்றிப் படிக்கும் ஆளை இங்கே ஒரு கட்சி திட்டமிட்டு வளர்த்தது. அமெரிக்க ஆய்வோடு ஒப்பிட்டால் தமிழ்நாட்டு வரலாற்றின் தனித்தன்மை இதில்தான் தெரிகிறது. ஈரி கவுன்டியில் செய்தியை எடுத்துச் சொன்னவர் தானாக முளைத்தவர். எந்த அமைப்பும் அவரை அங்கே உட்கார்த்தவில்லை. இங்கே அவருக்கு ஒரு கிளையும், ஒரு பொறுப்பும், வாரந்தோறும் வந்து சேரும் இதழும், தானும் ஒருநாள் மேடையேறிப் பேசலாம் என்ற நம்பிக்கையும் இருந்தன. மார்கரெட் ராஸ் பார்னெட் 1976-இல் வெளியிட்ட நூல் தி.மு.க.வின் கட்டமைப்பை விரிவாகவே பேசுகிறது. ஆனாலும் பொதுப்பேச்சில் நின்றுவிட்டது சினிமா என்ற ஒற்றைச் சொல்தான்.

இப்போது சினிமாவைப் பார்க்கலாம். ‘வேலைக்காரி’ 1949-இலும் ‘பராசக்தி’ 1952 தீபாவளிக்கும் வந்தன. ‘பராசக்தி’யைத் தடை செய்ய வேண்டும் என்று அரசுக்கு மனு மேல் மனு போனது, ஆனாலும் படம் ஓடியது. அதன் தாக்கம் எப்படிப் பரவியது என்பதைக் கவனிக்க வேண்டும். வசனம் புத்தகமாக அச்சாகி விற்றது. இளைஞர்கள் அதை மனப்பாடம் செய்து பள்ளி மேடையிலும் படிப்பக ஆண்டு விழாவிலும் பேசிக்காட்டினார்கள். படம் அரங்கை விட்டு மேடைக்கும் அச்சுக்கும் வாய்க்கும் திரும்பி வந்த பிறகுதான் அரசியலானது. அதன் புகழ்பெற்ற நீதிமன்றக் காட்சியும் வடிவத்தில் ஒரு மேடைப்பேச்சே. அண்ணாவின் கூட்டங்களில் கேட்டுப் பழகிய காதுதான் அதைக் கேட்டுக் கைதட்டியது. கார்த்திகேசு சிவத்தம்பி, தமிழ்ச் சினிமாவை அரசியல் தொடர்புச் சாதனமாக ஆராய்ந்து 1981-இல் எழுதிய சிறு நூலில், தமிழர் எல்லோரும் ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்து பார்த்த முதல் கலையரங்கு சினிமாக் கொட்டகை என்றும், அங்கே இடத்தைத் தீர்மானித்தது பிறப்பை விடக் காசு என்றும் காட்டினார். மிக முக்கியமான கவனிப்பு இது. ஆனால் ஒரே கூரையின்கீழ் இருந்த அனைவரும் ஒரே அரசியலோடு வெளியே வந்துவிடவில்லை.

அதற்குத் தேர்தல் வரைபடமே சாட்சி. ‘பராசக்தி’யின் படச்சுருள் வேலூருக்கும் போனது, நாகர்கோவிலுக்கும் போனது. ஆனால் 1957-இல் கழகம் வென்ற 15 இடங்களும் 1962-இல் வென்ற 50 இடங்களும் பெரும்பாலும் சென்னை, செங்கல்பட்டு, ஆர்க்காடு போன்ற வட மாவட்டங்களிலும், அதற்கடுத்தபடி காவிரிக் கரை மாவட்டங்களிலும்தான் இருந்தன. கிளைகள் அடர்த்தியாக இருந்த இடத்தில் வாக்கு விழுந்தது. தெற்கே படம் நன்றாக ஓடியும் பெட்டி நிறையவில்லை. 1962-இல் தேனியில் நடிகர் எஸ்.எஸ். ராஜேந்திரன் வென்றதை இதற்கு மறுப்பாகக் காட்டலாம். ஒரு தொகுதியில் புகழ் உதவக்கூடும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே தேர்தலில் காஞ்சிபுரத்தில் அண்ணாவே தோற்றார். ‘வேலைக்காரி’யை எழுதியவர் அவர்.

1967-க்கு வருவோம். அன்றைக்கு மிகவும் விரிந்த ஊடகம் வானொலி. அது மத்திய அரசின் கையில் இருந்தது. கட்சிகளுக்குத் தேர்தல் நேர ஒலிபரப்பு கிடைத்ததே 1977-இல்தான். பெரிய நாளேடுகளில் பல காங்கிரஸ் சார்பானவை. ஊடகத்தின் பரப்பே வெற்றியைத் தீர்மானிப்பதாக இருந்தால் காங்கிரஸ் தோற்றிருக்கவே கூடாது. வாக்குக் கணக்கு இன்னும் தெளிவாகப் பேசுகிறது. 1962-இல் காங்கிரஸ் பெற்றது 46 சதவீதம், 1967-இல் 41. கழகம் தனியாகப் பெற்றது அந்த 41-ஐ விடச் சற்றே குறைவு. ஆனால் இடங்களோ காங்கிரஸுக்கு ஐம்பதை ஒட்டி, கழகத்துக்கு 137. கழகம் எல்லாத் தொகுதிகளிலும் நிற்கவில்லை, நின்ற இடங்களில் அதன் பலம் இதைவிட அதிகம் என்பதையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். என்றாலும் சுதந்திரா, மார்க்சிஸ்ட், முஸ்லிம் லீக் முதலிய கட்சிகளை ஓரணியில் நிறுத்தி எதிர்ப்பு வாக்கைச் சிதறாமல் காத்த தொகுதி உடன்பாட்டுக்கு இந்த வெற்றியில் பெரும் பங்கு உண்டு. 1965-இன் இந்தி எதிர்ப்புப் போராட்டமும் துப்பாக்கிச் சூடும் நினைவில் பசுமையாக இருந்தன. அரிசிக்கு வரிசையில் நின்ற வயிற்றுக்குத் திரைப்படம் எதையும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. விருதுநகரில் காமராஜரைத் தோற்கடித்தவர் நடிகரல்லர், மொழிப்போரில் இருந்து வந்த மாணவர் தலைவர் பெ. சீனிவாசன். ஜனவரி 12-இல் சுடப்பட்ட எம்.ஜி.ஆரின் கட்டுப்போட்ட கழுத்துச் சுவரொட்டி மக்களை உலுக்கியது உண்மை. அந்தச் சுவரொட்டியை இரவோடு இரவாக ஊர்தோறும் ஒட்டக் கைகள் தயாராக இருந்தன என்பதும் உண்மை.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று எழும். எம்.ஜி.ஆர். பின்னால் தனிக்கட்சி கண்டு முதலமைச்சரே ஆனாரே, அது திரையின் வெற்றி இல்லையா? 1972 அக்டோபரில் கழகத்திலிருந்து நீக்கப்பட்டவர், ஏழே மாதத்தில், 1973 மே திண்டுக்கல் இடைத்தேர்தலில் மாயத்தேவரை வெற்றிபெறச் செய்து, ஆளுங்கட்சியை மூன்றாம் இடத்துக்குத் தள்ளினார். ஏழு மாதத்தில் ஒரு கட்சி முளைத்துவிடுமா? முளைக்கவில்லை, முன்பே இருந்தது. எம்.ஜி.ஆர். மன்றங்கள் இருபது ஆண்டுகளாகக் கழகத்தின் கூட்டங்களுக்கும் தேர்தல் வேலைக்கும் பழகிய அமைப்புகள். பெயர்ப்பலகை மாறியதும் அவை கிளைகளாயின. 1977-இல் அ.தி.மு.க. 130 இடங்களில் வென்றது நான்கு முனைப் போட்டியில், முப்பது சதவீத வாக்கில். பத்தில் ஏழு பேர் அந்தத் தேர்தலில் அவருக்கு வாக்களிக்கவில்லை. எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992-இல் வெளியான தம் நூலில் எம்.ஜி.ஆரின் திரைப்பிம்பம் எளிய மக்களின் மனத்தை எப்படிப் பிடித்தது என்று கூர்மையாக விளக்கினார். பிம்பத்தைப் பற்றி அவர் சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் பிம்பம் மட்டுமே போதுமென்றால் சிவாஜி கணேசனுக்கும் அது போதுமானதாக இருந்திருக்க வேண்டும். நடிப்பில் அவருக்கு இணை இல்லை. அவருக்கும் ஊர்தோறும் ரசிகர் மன்றங்கள் இருந்தன. ஐம்பதுகளின் நடுவிலேயே கழகத்தை விட்டு விலகிப் பிறகு காங்கிரஸுக்குப் போன அவருடைய மன்றங்களுக்குப் படிப்பகத்திலும் தெருமுனைக் கூட்டத்திலும் கிடைக்கும் அரசியல் பயிற்சி கிடைக்கவில்லை. 1989-இல் தமிழக முன்னேற்ற முன்னணி என்ற தம் கட்சியோடு களம் இறங்கியபோது திருவையாற்றில் அவரே தோற்றார். கட்சிக்கு ஓரிடம்கூடக் கிடைக்கவில்லை.

வேறொரு மறுப்பு ஆய்வுலகத்திலிருந்தே வருகிறது. ஒரு தேர்தலில் எத்தனை பேர் மனம் மாறினார்கள் என்று அளப்பது ஊடகத்தின் ஆற்றலை அளக்கும் முறையே ஆகாது, மெல்ல மெல்ல உலகப் பார்வையையே அது மாற்றுவதை லாசர்ஸ்ஃபெல்ட் காணத் தவறினார் என்று 1978-இல் டாட் கிட்லின் எழுதினார். அதற்கு முன்பே மெக்கோம்ப்ஸும் ஷாவும் 1968 தேர்தலின்போது சேப்பல் ஹில்லில் வாக்காளர்களிடம் விசாரித்து, எதைப் பற்றி மக்கள் கவலைப்பட வேண்டும் என்பதைச் செய்திகள் தீர்மானிக்கின்றன என்று காட்டியிருந்தார்கள். இரண்டும் நியாயமானவை. ஆனால் தமிழ்நாட்டுக்கு இவற்றைப் பொருத்தினால் என் வாதம் வலுப்படவே செய்கிறது. நாற்பது ஆண்டுகள் மெல்ல மெல்ல நடந்த மாற்றம்தான் இங்கே நடந்தது. சாதி, மொழி, வடக்கு என்ற பொருள்களைப் பேசுபொருளாக்கியவை காலணா விலை இதழ்களும் மேடைகளும். பெரிய ஏடுகள் அவற்றைப் பின்தொடர நேர்ந்தது.

மிகக் கடினமான மறுப்பை யாரும் எழுப்பவில்லை என்பதால் நானே எழுப்ப வேண்டியிருக்கிறது. டீக்கடையும் படிப்பகமும் யாருடைய இடங்கள்? பல ஊர்களில் அதே டீக்கடையில் தாழ்த்தப்பட்டோருக்குத் தனிக் குவளை இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து செய்தி கேட்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. பெண்கள் அந்தப் பக்கம் போகவே இல்லை. அப்படியானால் பாதிக்கு மேற்பட்ட மக்களுக்கு இந்த வழி அடைபட்டிருந்தது, அவர்களைத் தொட்டது சினிமா மட்டும்தான் என்று சொல்லலாம் அல்லவா? ஓரளவுக்குச் சொல்லலாம். எம்.ஜி.ஆருக்குப் பெண்களிடம் இருந்த ஆதரவை டீக்கடையைக் கொண்டு விளக்க முடியாது. டூரிங் டாக்கீஸின் தரை டிக்கெட்டுக்கு அந்தப் பெருமையைக் கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் பெண்கள் அரசியல் பேச்சைக் கேட்ட ஒரு மேடை வேறு இருந்தது. ஆய்வாளர்கள் அதை ஊடகம் என்று எண்ணுவதில்லை. அருப்புக்கோட்டைக்கு அருகே சுக்கிலநத்தத்தில் 1928-இல் தொடங்கிய சுயமரியாதைத் திருமணம்தான் அது. புரோகிதர் இருந்த இடத்தில் பேச்சாளர் நின்றார். மாலை மாற்றியதும் ஒருவர் பின் ஒருவராகப் பெண்ணடிமை, சாதி, மூடவழக்கம் என்று மணிக்கணக்கில் பேசினார்கள். பந்தலில் தாயும் பாட்டியும் அத்தையும் அண்டை வீட்டுப் பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். பந்தி முடியும்வரை எழுந்து போகவும் முடியாது. கொடியும் கட்சியும் வேண்டாத உறவினரும் அந்தப் பேச்சைக் கேட்டே தீர வேண்டியிருந்தது. அந்த மணங்களைச் செல்லாதவை என்று 1950-களில் நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகும் அவை நிற்கவில்லை. ஆட்சிக்கு வந்த ஆண்டிலேயே அண்ணாவின் அரசு அவற்றைச் சட்டப்படி செல்லத்தக்கவை ஆக்கியது. இனி நடக்கப் போகும் மணங்களுக்கு மட்டுமன்றி, அதுவரை அந்தப் பந்தல்களில் நடந்து முடிந்த மணங்களுக்கும் அந்தச் சட்டம் பொருந்தியது.